காற்றில் ஒரு பொந்து

அத்தியாயம் ஒன்பது

"மரம் விழுந்து ஒரு மனுஷன் செத்திருக்கான். மரத்துக்குள்ள ஒரு குஞ்சும் செத்திருக்கு. ரெண்டு சாவுக்கு நீ ஒரே ஒரு போலீஸ். கூடுதலா ஆள் கேளேன் அக்கா," என்றான் திஹோனி.

ரூயிதா கட்டையோரம் மண்டியிட்டிருந்தாள். விழுந்து கிடந்த தென்னங்கட்டையின் பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். நியாவு தீவுக்கு அவள்தான் போலீஸ். துப்பாக்கி கிடையாது, ஒரு விசில் உண்டு. திஹோனி கொப்பரை லாரி ஓட்டுகிறவன். விசாரணைக்கு லாரி வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம் லாரியோடு சேர்ந்து அவனும் வந்தான், அவனோடு சேர்ந்து அவன் வாயும் வந்தது.

இந்தக் கட்டைக்கு அடியில்தான் நேற்றுக் காலை மாவோனோ தலை நசுங்கிக் கிடந்தான், அவன் குடும்பத் தோப்பிலேயே. செத்த மரம் சாய்ந்து ஆள் போவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. ஆனால் செவிலியம்மா அவனுடைய குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்து, பவளக் கல் துணுக்குகள் குத்தியிருந்தன. அவனை யாரோ இழுத்திருக்கிறார்கள் என்றாள்.

யாரோ என்றதும் ஊர் முழுக்கப் பூனுவாவைத் திரும்பிப் பார்த்தது. மாவோனோவின் மனைவிக்குத் தம்பி அவன். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், எல்லார் காதிலும் விழும்படி மச்சானைப் பார்த்துக் கத்தியிருந்தான்: "அந்தச் செத்த மரத்தையெல்லாம் வெட்ட விடமாட்டியா? கும்பிட்டுட்டே இரு! ஒருநாள் அதுல ஒண்ணை உன் தலையில சாய்ச்சுக் காட்டறேன்!"

செத்த மரத்தை மாவோனோ வெட்ட விடாததற்குக் காரணம் ஒரு மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி. கடலை ஏறெடுத்தும் பார்க்காது. அரணையும் பல்லியும்தான் அதற்குச் சாப்பாடு. நீல இறக்கை, இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த தலை. செத்துப்போன தென்னையில் மட்டும்தான் பொந்து குடையும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்தத் தீவில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். தனக்குப் பிறந்த நாலாவது பிள்ளை மாதிரி மாவோனோ அதைப் பார்த்துக்கொண்டான்.

கப்பல் காலையில் வந்துவிட்டது. அதில் வந்த வெளியூர்ப் போலீஸ்காரர் பூனுவாவின் கையைக் கட்டி, துறையில் கொப்பரை மூட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார். தீவுக்குள் கப்பல் நுழைய வழியில்லை. படகுகள்தான் பாறைத்திட்டைத் தாண்டி மூட்டைகளைச் சுமந்து போய்வரும். கடைசி மூட்டையோடு பூனுவாவும் போவான். போனவன் திரும்புவதற்குள் தலை நரைத்துவிடும்.

ரூயிதா கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் அந்தக் குஞ்சு கிடந்தது, இறகு பாதி முளைத்தது. தலை முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கழுத்தைத் திருகியிருக்காங்க."

"மரம் விழுந்த வேகத்துல..."

"மரம் விழுந்தா நசுங்கும்டா. திருகாது. மரத்துக்குக் கையா இருக்கு?"

திஹோனி தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "சரி, ஏன் திருகணும்?"

"கத்தியிருக்கும்."

"குஞ்சுன்னா கத்தத்தான் செய்யும்."

"கத்தினா அப்பனும் ஆயியும் தேடி வரும். வரக்கூடாதுன்னு எவனோ நினைச்சிருக்கான்." அவள் எழுந்து காலால் தரையைத் தேய்த்துக் காட்டினாள். "பொந்து இருக்கிற மரத்தடி எப்படி இருக்கும்?"

"சுண்ணாம்பைக் கொட்டின மாதிரி எச்சம். அரணை வால், எலும்பு..."

"இங்க?"

அவன் குனிந்து பார்த்தான். "என் மாமியார் வீட்டு வாசல் மாதிரி சுத்தமா இருக்கு." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அக்கா, இந்த மரம் இங்க நின்ன மரமே இல்ல!"

"உள்ள உளுத்துப்போன கட்டை. ஒரு ஆள் புரட்டி எடுத்துட்டு வரலாம். எங்கிருந்துன்னு தெரிஞ்சா, யாருன்னு தெரிஞ்சிடும்."

"தீவு பூரா முறிஞ்ச மரம்தான். ஒவ்வொண்ணாப் பார்த்து முடிக்கிறதுக்குள்ள கப்பல் அடுத்த தடவையே வந்துடும்."

"நாம எதுக்குப் பார்க்கணும்? வீட்டுக்காரனையே கேட்போம். மட்டையைக் குவிச்சுத் தீ வை."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கொப்பரை வெட்டுகிறவன் எவனுக்கும் தெரிந்ததுதான். குப்பையைக் கொளுத்தினால் அரணைகள் தெறித்து ஓடும். புகை எழுந்த கொஞ்ச நேரத்தில் மீன்கொத்தி வந்து பக்கத்து மட்டையில் உட்காரும். மனுஷனுக்குப் பயப்படாது. மனுஷன் தீ வைப்பதே தனக்குப் பரிமாறத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும், பாவம்.

வந்தது. மட்டையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. தரைக்குப் பாய்ந்து ஓர் அரணையைக் கவ்வியது. மட்டையில் மாறி மாறி அடித்துக் கொன்றது. விழுங்கவில்லை.

"பார்சல் கட்டிடுச்சு," என்றான் திஹோனி மெதுவாக.

"ஓடு!"

பறவை மரங்களுக்கு நடுவே தாழப் பறந்தது. கூரான பவளக் கல் மேல் செருப்புத் தேய ரூயிதா ஓடினாள். தன் வயிற்றைத் தானே சுமந்துகொண்டு திஹோனி பின்னால் ஓடினான். "இது மனுஷனா இருந்தா... நில்லுன்னு விசில் அடிக்கலாம்... இதை என்ன பண்றது..." என்று புலம்பியபடி வந்தவன், சட்டென்று நின்றான்.

இரண்டு மரங்களுக்கு நடுவே முடைந்த ஓலை ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. ராஹுயி. தோப்புக்கு ஓய்வு கொடுக்க ஊரே கூடிப் போட்ட தடை. அது இருக்கும்வரை அந்த எல்லைக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. வைத்தவன் குடும்பம் தோப்பை இழக்கும். அவர்களோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள், அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பெட்டி தூக்க மாட்டார்கள்.

பறவை ஓலைக்கு மேலே பறந்து உள்ளே போய்விட்டது.

"அதுக்கு யாரும் சொல்லலை போல," என்றான் திஹோனி. "வா அக்கா, போகலாம். வழி முடிஞ்சுபோச்சு."

ரூயிதா ஓலைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

"அக்கா! பைத்தியமா உனக்கு? காவல் இருக்கிற மஹூருப் பெரியவருக்குத் தெரிஞ்சா..."

"நீ அங்கேயே நில்லு."

அவன் நின்றான். ஓலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. வாயில் அரணையோடு அந்தப் பறவை ஒரு வெட்டவெளிக்குப் போய், ஆள் உயரத்துக்கு மேலே ஓரிடத்தில், ஒன்றுமே இல்லாத காற்றின் முன்னால் இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. உள்ளே நுழையப் பார்த்தது. நுழைய எதுவும் இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. மறுபடியும் வந்தது. மறுபடியும்.

அதற்கு நேர் கீழே முறிந்த அடிமரம் ஒன்று இருந்தது. பொந்து இருந்த உயரத்தைப் பறவை மறக்கவில்லை. கண்ணுகளா, இங்கே கொஞ்சம் மனசைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்: அது தேடிய குஞ்சு ரூயிதாவின் சட்டைப் பையில் இருந்தது.

அவள் அடிமரத்தருகே போனதும் பறவை அரணையைப் போட்டுவிட்டு அவள் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது. அவள் தடுமாறி விழுந்தாள். நெற்றியில் ரத்தம். திஹோனி எப்போது ஓலையைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. அவளைத் தூக்கி நிறுத்தியபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தான்.

"காலு தானா வந்துடுச்சு அக்கா. மனசு இன்னும் வெளியிலதான் நிக்குது. யாராவது கேட்டா மனசைக் கணக்குல எடுத்துக்கச் சொல்லு."

"வந்தது வந்துட்டே. பாரு."

அடிமரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று எச்சம். அரணை வால்கள். ஒரு தகரத் தகடு, அதில் பாதி இறங்கிய ஆணிகள். எலி ஏறாமலிருக்கக் காய்க்கிற தென்னைக்குச் சுற்றுகிற தகடு. பக்கத்தில் கல்லின்மேல் காய்ந்த ரத்தம்.

திஹோனிக்கு முகம் மலர்ந்தது. "எலி குஞ்சைத் தின்னுடக்கூடாதுன்னு மாவோனோ தகடு அடிக்க வந்திருக்கான். உளுத்த மரம். நாலு அடி அடிச்சதும் தலைமேலேயே வந்திருக்கு. கொலையே இல்ல அக்கா! பூனுவா பொழைச்சான்! ராஹுயிக்குள்ள செத்தான்னா அவமானம்னு யாரோ தூக்கிட்டுப் போய் அவன் தோப்புல போட்டிருக்காங்க. செத்தவனுக்குப் பண்ணின உபகாரம்!"

ரூயிதா குனிந்து எதையோ எடுத்தாள். வெட்டிய இளநீர். வாயில் ஓர் இலையைக் கூம்பாக மடித்துச் செருகியிருந்தது, படுத்த நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற மாதிரி.

"செத்தவனுக்கு யாருடா இளநீர் வெட்டுவாங்க?"

திஹோனி அதை வாங்கி முகர்ந்து பார்த்தான். 

கல் தரையில் கொப்பரைக் கைவண்டியின் ஒற்றைச் சக்கரத் தடம் ஓலைக்கட்டை நோக்கிப் போயிருந்தது.

*

மாவோனோவின் வீட்டில் சவப்பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. அவன் மனைவி ஹெய்புவா அடுப்படியில் தேங்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளும் வாசலில் பூ கோத்துக்கொண்டிருந்தார்கள். ரூயிதா உள்ளே போகாமல், மழைத்தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த கொப்பரைக் கைவண்டியைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

"ஹெய்புவா, மழை பேஞ்சு ரொம்ப நாளாச்சு இல்ல?"

"ஆமாக்கா. தொட்டியில அடித்தண்ணிதான் கிடக்கு."

"குடிக்கிற தண்ணியில கொப்பரை வண்டியை யாரும் கழுவ மாட்டாங்களே."

ஹெய்புவாவின் கை மாவிலேயே நின்றது. ரூயிதா உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து குஞ்சை எடுத்து மாவுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹெய்புவா அதைப் பார்த்தாள். அழவில்லை.

"அது கத்திட்டே வந்துச்சு," என்றாள். "வழி பூரா. கட்டையைத் தள்ளிட்டு வரேன், உள்ளேருந்து கத்துது. ஊரே எழுந்து வந்துடும்னு பயந்துட்டேன்."

"முதல்ல கொண்டுபோனது கட்டையை இல்லையே."

"இல்ல. அவரை." அவள் கையிலிருந்த மாவை விரல் விரலாக வழித்தாள். "முந்தாநாள் ராத்திரி மரம் விழுற சத்தம் கேட்டு ஓடினேன். ஓலைக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டேன். முனகினார். உள்ள போனேன். இளநீர் கொடுத்தேன், குடிச்சார். செவிலியம்மாவைக் கூப்பிடறேன்னேன். வேணாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். 'முதல்ல என்னை நம்ம எல்லைக்குக் கொண்டுபோ. அப்புறம் கூப்பிடு'ன்னார். வண்டியில ஏத்தினேன். காலு ரெண்டும் தொங்கித் தேய்ச்சுக்கிட்டே வந்துச்சு. ஓலையைத் தாண்டினதும் 'வந்துட்டோமா'ன்னு கேட்டார். வந்துட்டோம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசலை."

ஹெய்புவா வழித்த மாவைப் பலகையில் தேய்த்தாள்.

"தலை அப்படி நசுங்கியிருக்கு, சுத்தி மரமே இல்லைன்னா கேட்பாங்களேன்னு திரும்பப் போய்க் கட்டையை எடுத்துட்டு வந்தேன். மரம் விழுந்துச்சுன்னுதான் சொல்வாங்கன்னு நினைச்சேன்."

"மஹூருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போயிருக்கலாமே அவன்," என்றான் திஹோனி.

"கேட்டார். பறவைக்காகத் தடையைத் திறக்க முடியாதுன்னுட்டார் பெரியவர். அந்த ராஹுயிக்கு ஊர்ல முதல்ல கை தூக்கினதே என் வீட்டுக்காரர்தான்."

"உன் தம்பியைத் துறையில கையைக் கட்டி உட்கார வச்சிருக்காங்க," என்றாள் ரூயிதா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரொட்டிக்கு மாவு பிசையறே?"

ஹெய்புவா அப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் வாயைத் திறந்தா என் மூணு பிள்ளைக்கும் தோப்பு இல்ல. அவன் ஒத்தை ஆளு. ஜெயில்ல சோறு போடுவாங்க. என் பிள்ளைகளுக்கு யார் போடுவா? நீ போடறியா?"

ரூயிதா வாசலைப் பார்த்தாள். கடலில் கப்பல் ஊதியது.

"கையைக் கழுவிட்டு வா," என்றாள்.

*

துறையில் கடைசிப் படகில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ரூயிதா நடந்ததைச் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வெளியூர்ப் போலீஸ்காரர் கேட்டுக்கொண்டார். பூனுவாவின் கட்டை அவிழ்த்தார். கொலை இல்லாத இடத்தில் தனக்கு வேலை இல்லை என்பதுபோல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படகில் ஏறிவிட்டார். இனி நடக்கப்போவது அவருடைய சட்டத்தில் இல்லை.

மஹூரு பெரியவர் கைத்தடியை மணலில் ஊன்றி நின்றார். ராஹுயிக்குக் காவல் அவர்தான்.

"உங்ககிட்ட அனுமதி கேட்டானாமே," என்றாள் ரூயிதா.

"கேட்டான். இல்லைன்னேன். இல்லைன்னா இல்லைதான்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ஆமா ரூயிதா, தகடு, இளநீர்னெல்லாம் சொல்றியே. வெளியே நின்னுக்கிட்டு அதையெல்லாம் எப்படிப் பார்த்தே?"

கூட்டம் நெருங்கி வந்தது. அவள் நெற்றியில் காய்ந்த ரத்தத்தை எல்லாரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"உள்ள போய்த்தான் பார்த்தேன்."

"தனியாவா?"

ரூயிதா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திஹோனி பக்கம் அவள் தலை ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. சும்மா இருந்தால் போதும் என்று அவனுக்குப் புரிந்தது. பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவன் செய்ய வேண்டியது. வீட்டில் இருந்த பெண்டாட்டி நினைவுக்கு வந்தாள். மாமியாரும் வந்தாள், விளக்குமாற்றோடு. ஆனால் வாழ்நாள் முழுக்க மூடிப் பழகாத வாய்.

"நானும்தான் பெரியவரே. ஓலைக்கட்டைப் போய்ப் பாருங்க. என் வயிறு போன தடம் தெரியும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. திஹோனி ஒரு வார்த்தை சொல்லி ஊர் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

"லாரிச் சாவி," என்று மஹூரு கையை நீட்டினார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "மூணு வீடு. மூணு தோப்பும் போச்சு. ஹெய்புவாவோட தோப்பு அவ அப்பன் வழி வந்தது. ரத்தத்துல அடுத்தவன் பூனுவா. அவனுக்குப் போகும்."

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பூனுவா அக்காவின் முன்னால் வந்து நின்றான். கட்டிக்கொள்ளப் போகிறான் என்றே திஹோனி நினைத்தான்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா அக்கா?"

"உனக்குப் பிள்ளை இல்லைடா," என்றாள் ஹெய்புவா. அவளிடம் இருந்த ஒரே நியாயம் அதுதான்.

"இப்போ தோப்பு இருக்கு," என்றான் அவன். "நாளைக்குக் காலையில வெட்ட வருவேன். செத்த மரம் ஒண்ணையும் விடமாட்டேன். அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு."

*

மறுநாள் காலை மாவோனோவின் பெட்டிக்கு நாலு மூலை இருந்தது. தூக்க மூன்று பேர் இருந்தார்கள். ஊர் முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. பாட்டு இல்லை, மணி இல்லை. பிசைந்த மாவு யாரும் சாப்பிட வராமல் அப்படியே புளித்துப்போயிருந்தது.

திஹோனி தெருவை ஒரு முறை பார்த்தான். பிறகு தொட்டி ஓரத்தில் கிடந்த கைவண்டியை நிமிர்த்தினான். பெட்டியின் பின்பக்கத்தை அதில் வைத்தார்கள். முன்பக்கத்தை ரூயிதாவும் அவனும் தூக்கினார்கள். ஹெய்புவா வண்டியைத் தள்ளினாள். ஒருமுறை தள்ளிப் பழகிய சுமை. பிள்ளைகள் பூவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

கல்லறைக்குப் போகிற வழி ஓலைக்கட்டை ஒட்டித்தான் போனது. தோப்புப் பக்கம் பூனுவாவின் கோடாலிச் சத்தம் கேட்டது. உளுத்த மரத்தில் விழுகிற அடி, மொத்து மொத்தென்று.

"ஏதாவது சொல்லுடா," என்றாள் ரூயிதா. "எப்பவும் ஏதாவது சொல்வியே."

திஹோனி யோசித்தான். ஓலைக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில், பறவை வந்திருந்தது. வாயில் புதிதாக ஓர் அரணை, வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பொந்து இருந்த காற்றின் முன்னால் அது நின்று நின்று பார்த்தது.

"வந்துட்டோமான்னு கேக்குது அக்கா," என்றான்.

பின்னால் வண்டிச் சக்கரம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிறீச்சிட்டு நகர்ந்தது.